பொஜொலே சிவப்பு ஒயின்: ஒரே திராட்சையில் இத்தனை வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

குலைக்கொடி எழுதியது:

பிரான்சின் லியோன் நகரின் வடக்கு விளிம்பிலிருந்து மாக்கோன் நகர் வரை, சோன் ஆற்றுக்கு மேற்கேயுள்ள குன்றுகளில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடக்கும் பொஜொலே வட்டாரத்தைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் அறிந்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: நவம்பர் மாதம் மூன்றாம் வியாழக்கிழமை கடைக்கு வரும் 'நூவோ' என்னும் புது ஒயின். அந்த ஒன்றை மட்டும் வைத்து ஒரு வட்டாரத்தையே எடைபோடுவது பெரிய அநியாயம் என்பது என் கருத்து. லியோனில் ஓர் ஒயின் கடையின் நிலவறையில் நடந்த சுவைப்பு அமர்வில் கலந்துகொண்ட பிறகு அந்தக் கருத்து இன்னும் உறுதிப்பட்டுவிட்டது. அங்கே கண்டதை எழுதுகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் தயங்காமல் எழுத வேண்டும்.

அமர்வை நடத்தியவர் இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாகத் திராட்சை பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார். மேசையில் ஆறு புட்டிகள் துணியால் மூடி வைக்கப்பட்டிருந்தன. ஆறும் கமே என்ற ஒரே திராட்சை வகையில் செய்தவை, ஒரே ஆண்டின் அறுவடை, ஆறும் வெவ்வேறு இடம். இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டு, எந்த ஊர் என்பதைச் சொல்லாமல் ஊற்றத் தொடங்கினார். எல்லோரும் முகர்ந்து, வாயில் வைத்துப் பார்த்து, துப்புவதற்கென்று வைத்திருந்த பாத்திரத்தில் துப்பி, தம் குறிப்பை எழுதி முடித்த பிறகே அவர் வாய் திறப்பார். பிறர் சொல்வதைக் கேட்டுவிட்டால் நம் மூக்கு அதையே தேடத் தொடங்கிவிடும் என்பதால் இந்த ஒழுங்கை அவர் கடைசி வரை விடவில்லை.

முதல் கோப்பை தெற்குப் பகுதியின் சாதாரண பொஜொலே. தெற்கே மண்ணில் சுண்ணாம்பும் களிமண்ணும் மிகுதி. ஊர்களின் வீடுகளும் மஞ்சள் பொன்னிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்டவை. ஒயின் மெல்லியது, செர்ரிப் பழ வாசனை, இரண்டு மிடறில் முடிந்துவிடும் எளிமை. குறை சொல்ல ஏதுமில்லை, நினைவில் நிற்கவும் ஏதுமில்லை.

இரண்டாவது ஷிரூப்ள். தம் பெயரிலேயே ஒயின் விற்கும் தகுதி பெற்ற பத்து ஊர்களை 'க்ரூ' என்பார்கள்; அவற்றில் உயரத்தில் இருப்பது அதுதான். அதனால் இரவுக் குளிர்ச்சியும் புளிப்பின் கூர்மையும் சற்று மிகுதி. மூன்றாவது ஃப்ளெரி. இந்த இடத்தில்தான் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூக்கைக் கோப்பைக்கு அருகில் கொண்டுபோகும் முன்பே பூவின் வாசனை வந்தது. வயலட் பூவும் ரோஜாவும் கலந்தது போன்ற ஒரு மணம். நாக்கில் துவர்ப்பு மிகவும் நைசாக இருந்தது. இந்த இடத்தில் அம்மையார் ஒரு கல்லைக் கையில் தந்தார். இளஞ்சிவப்புக் கிரானைட். விரலால் சற்று அழுத்தித் தேய்த்ததும் ஓரம் உதிர்ந்து உள்ளங்கையில் பருமணலாகக் கொட்டியது. ஃப்ளெரியின் சரிவுகளில் கொடிகள் வேர்விட்டிருப்பது இந்த உதிர்மணலில்தான். நீர் தங்காது, சத்தும் குறைவு.

நான்காவது, ப்ரூயி மலைச் சரிவுகளில் விளையும் கோத் த ப்ரூயி. அந்த மலை 484 மீட்டர் உயரம். அதன் உச்சியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கொடிகளைச் சாம்பல் நோய் அழித்துக்கொண்டிருந்த காலத்தில், காப்பு வேண்டி மாதாவுக்கு ஒரு கோயில் கட்டினார்கள். ஒயினில் கருநிறப் பழங்களின் மணமும், ஈரக் கல்லை நினைவூட்டும் ஒரு குளிர்ச்சியும் இருந்தன. ஐந்தாவது மொர்கோன், அதிலும் கோத் து பி என்னும் குன்று. இங்கே வந்த கல் வேறு: நீலம் கலந்த சாம்பல் நிறம், தொட்டால் தகடு தகடாகப் பிரிகிறது, பிளவுகளில் இரும்பின் துருச்சிவப்பு. பழைய எரிமலைப் பாறை பூமிக்கடியில் உருமாறி, பின்னர் மேலெழுந்து சிதைந்தது அது. உள்ளூர் மக்கள் அதை அழுகிய பாறை என்கிறார்கள். ஒயினின் நடுப்பகுதி கனமானது. ஈறுகளில் துவர்ப்பு பிடித்தது. கிர்ஷ் எனப்படும் செர்ரிச் சாராயத்தின் மணம் நெடுநேரம் நின்றது.

ஆறாவது மூலென்-ஆ-வோன். ரோமனேஷ்-தோரன் ஊருக்கு மேலே நிற்கும் பழைய காற்றாலையின் பெயரால் அழைக்கப்படும் இடம் இது. துணியை நீக்கும் முன்பு இதை அண்டை வட்டாரமான பர்கண்டியின் பினோ நுவார் திராட்சையில் செய்தது என்று எழுதியவர்கள் மேசையில் ஒருவருக்கு மேல் இருந்தார்கள், எல்லாம் கமே என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தும்கூட. அம்மையார் இந்தப் புட்டியை மட்டும் இரண்டு மணி நேரம் முன்னரே திறந்து வைத்திருந்தார். நிறம் ஆழமானது, துவர்ப்பு இறுக்கமானது, பழத்தின் மணத்தோடு மண்ணின் மணமும் மசாலா வாசனையும் சேர்ந்து வந்தன.

ஒரே திராட்சை, ஒரே ஆண்டு. ஆனால் முதல் கோப்பையையும் ஆறாவதையும் ஒரே குடும்பம் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த வட்டாரத்தை நிலத்தின் வழியாகத்தான் அறிய வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

புதுக்கோப்பை எழுதியது:

விரிவாக எழுதியமைக்கு நன்றி. எனக்கு அடிப்படையான ஐயம் ஒன்று உண்டு. நான் குடித்திருக்கும் பொஜொலே எல்லாம் நூவோ மட்டுமே. அதில் வாழைப்பழ வாசனையும் மிட்டாய் வாசனையும் முன்னால் நிற்கும். நீங்கள் சொல்லும் வயலட் பூவும் கிர்ஷும் அதே கமே திராட்சையிலிருந்தா வருகின்றன? அப்படியானால் வாழைப்பழம் எங்கே போனது?

குலைக்கொடி எழுதியது:

நல்ல கேள்வி. அமர்விலும் இதற்குத்தான் அதிக நேரம் செலவானது.

பொஜொலேயில் திராட்சையைப் பெரும்பாலும் கையால் பறிக்கிறார்கள். காரணம், பழங்கள் நசுங்காமல் முழுக் குலையாகத் தொட்டிக்குள் போக வேண்டும். காம்பை நீக்குவதும் இல்லை, மிதிப்பதும் இல்லை. தொட்டி நிரம்பியதும் அடியில் இருக்கும் குலைகள் மேலிருக்கும் பாரத்தால் நசுங்கிச் சாறு விடுகின்றன. அந்தச் சாறு ஈஸ்ட்டால் நொதிக்கத் தொடங்கி, கரியமில வாயுவை வெளிவிட்டு, தொட்டி முழுவதையும் நிரப்புகிறது. பிராணவாயு கிடைக்காத நிலையில், மேலே நசுங்காமல் இருக்கும் பழங்களுக்குள் ஈஸ்ட்டின் உதவியே இல்லாமல் பழத்தின் சொந்த நொதிகள் வேலை செய்யத் தொடங்குகின்றன. சர்க்கரையில் ஒரு சிறு பகுதி மதுசாரமாக மாறுகிறது. சுமார் 2 சதவீதம் வந்ததும் பழம் தாங்காமல் வெடிக்கிறது. மாலிக் அமிலம் குறைகிறது, தோலின் நிறம் சதைக்குள் இறங்குகிறது. ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, செர்ரி ஆகியவற்றை நினைவூட்டும் மணப்பொருள்கள் பழத்துக்குள்ளேயே உருவாகின்றன. அதன் பிறகு பிழிந்து, மீதிச் சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்க விடுகிறார்கள். கமேயிலிருந்து இத்தனை மலர்ச்சியான வாசனை வருவதற்கு இந்த முறை ஒரு முக்கியக் காரணம்.

நூவோவுக்கும் க்ரூவுக்கும் உள்ள முதல் வேறுபாடு நாட்கணக்கு. நூவோவில் குலைகள் நான்கைந்து நாட்கள் மட்டுமே தொட்டியில் இருக்கும். தோலிலிருந்து நிறமும் பழ மணமும் இறங்கும், துவர்ப்பு இறங்க நேரம் இராது. வாழைப்பழ வாசனைக்குக் காரணம் ஐசோஅமைல் அசிட்டேட் என்னும் பொருள். அதை மிகுதியாக உண்டாக்கும் ஈஸ்ட் வகைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதும், அவசர அவசரமாக நொதிக்க வைத்துப் புட்டியில் அடைப்பதும்தான் அந்த வாசனையை முன்னால் நிறுத்துகின்றன. க்ரூவிலோ குலைகள் பத்து நாட்கள் முதல் மூன்று வாரம் வரை கிடக்கும். சில வீடுகளில் மேலெழும் தோல்திரளைச் சாற்றுக்குள்ளேயே அமிழ்த்தி வைக்க மரச்சட்டம் ஒன்றைத் தொட்டிக்குள் பூட்டி வைப்பார்கள். பிறகு மாதக்கணக்கில் சிமெண்டுத் தொட்டியிலோ பழைய மரப்பீப்பாயிலோ அமைதியாக இருக்க விடுவார்கள். அதற்குள் வாழைப்பழம் மறைந்துவிடும். முதலிலேயே அது உருவாகாமல் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு.

நூவோவைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அறுவடை முடிந்த சில வாரங்களில் புது ஒயினை லியோனுக்கு அனுப்பிக் குடிப்பது அந்த ஊரின் பழைய வழக்கம். 1951 நவம்பரில் அரசு அதற்கு முறையான அனுமதி தந்தது, 1985இல் நாள் மூன்றாம் வியாழன் என்று நிலைபெற்றது. அதன் வெற்றி வட்டாரத்துக்குப் பணம் கொண்டுவந்தது, ஆனால் வட்டாரத்தின் மற்ற முகங்களை மூடிவிட்டது. பத்து க்ரூ ஊர்களின் ஒயினை நூவோவாக விற்க முடியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; சாதாரண பொஜொலேக்கும், தேர்ந்த சில ஊர்களின் ஒயினுக்குரிய பொஜொலே-வில்லாழ் என்னும் பெயருக்கும் மட்டுமே அந்த உரிமை உண்டு.

சாணைக்கல் எழுதியது:

நண்பர் குலைக்கொடியின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் அவருடைய முடிவு அவர் கண்ட சான்றைத் தாண்டிப் போகிறது என்று நினைக்கிறேன்.

ஆறு கோப்பைகளும் ஒரே திராட்சை, ஒரே ஆண்டு. சரி. ஆனால் ஆறும் ஒரே கையில் உருவானவையா? இல்லை என்றுதான் தெரிகிறது. மூலென்-ஆ-வோனில் பல தயாரிப்பாளர்கள் காம்பை நீக்கி, பழத்தை நசுக்கி, பர்கண்டி முறையில் நெடுநாள் ஊறவைத்து, ஓக் பீப்பாயில் முதிர வைக்கிறார்கள். ஃப்ளெரியில் முழுக்குலை முறை பரவலாக இருக்கிறது. நீங்கள் ஆறாவது கோப்பையில் பினோ நுவாரைக் கண்டதற்கு நிலம் காரணமா, பீப்பாய் காரணமா என்பதை அந்த அமர்வை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. நீங்கள் குறிப்பிட்ட மசாலா வாசனை பெரும்பாலும் ஓக்கிலிருந்து வருவது.

இரண்டாவது, கல்லைக் கையில் கொடுக்கும் முறை. அது மனத்தில் ஆழமாகப் பதியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாறையில் உள்ள தாதுக்கள் வேர் வழியாக ஏறி, ஒயினில் கல்லின் சுவையாக வெளிப்படுகின்றன என்பதற்கு அறிவியல் ஆதரவு இல்லை. கொடி எடுத்துக்கொள்வது நீரில் கரைந்த அயனிகளை. அவை ஒயினில் இருக்கும் அளவு நாக்குக்கு எட்டாதது. மூலென்-ஆ-வோன் மண்ணில் மாங்கனீசு இருக்கிறது என்பது உண்மை. அதனால்தான் அந்த ஒயின் நீண்ட நாள் தாங்குகிறது என்று பலரும் எழுதுவதை நான் அப்படியே ஏற்கத் தயாராக இல்லை. ஈரக்கல்லின் குளிர்ச்சி என்று நீங்கள் எழுதியதும் கல்லைக் காட்டுபவர் எதிரில் இருக்கும் சூழலில் எழுதியதுதானே?

மேட்டுநிலம் எழுதியது:

பெல்வில் ஊரில் வசிக்கிறேன், சில அறுவடைகளில் குலை பறித்திருக்கிறேன். அந்த அளவில் என் பங்குக்குச் சில செய்திகள்.

சாணைக்கல் ஐயா சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். கல்லின் சுவை ஒயினுக்குள் வருவதில்லை. ஆனால் நிலம் வேலை செய்யும் வழி அது மட்டுமன்று. கமேயின் இயல்பு அளவுக்கு மீறிக் காய்ப்பது. 1395இல் பர்கண்டி கோமகன் பிலிப் தம் நாட்டில் கமேயைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்: வளமான சமவெளி மண்ணில் அது கொட்டிக் காய்க்கும், சாறு நீர்த்துப்போகும். அந்தக் கோமகனின் எல்லைக்குத் தெற்கே, பொஷூ பிரபுக்களின் நிலமாக இருந்த இந்தக் குன்றுகளில் கமே தங்கியது. இங்கே மண் ஏழை மண். கிரானைட் மணலில் நீர் நிற்காது, தழைச்சத்து குறைவு, வேர் பாறைப் பிளவுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. கொடியைக் கம்பியில் படரவிடாமல், கிண்ணம் போல் நாலாபுறமும் கிளை விரியும்படி குட்டையாகக் கவாத்து செய்வது இங்குள்ள பழைய முறை. அதுவும் விளைச்சலை அடக்கி வைக்கிறது. குலை சிறுத்து, பழம் சிறுத்து, தோலின் பங்கு கூடுகிறது. நிறமும் துவர்ப்பும் மணமும் தோலில்தான் இருக்கின்றன. மாங்கனீசைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் சொல்லும் விளக்கமும் இந்த வகைதான்: அது கொடியின் வீரியத்தைக் குறைத்துக் குலையைச் சிறிதாக்குகிறது என்பார்கள், ஒயினில் உலோகச் சுவை தருகிறது என்று யாரும் சொல்வதில்லை.

நிலத்தை ஒரே பெயரில் அடக்குவதும் சரியன்று. 2009 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இந்த வட்டாரம் முழுவதும் குழி தோண்டி நடத்திய மண் ஆய்வில் 300க்கும் மேற்பட்ட மண் வகைகள் பதிவாகின. மொர்கோன் என்ற ஒரே பெயருக்குள் கோத் து பியின் நீலக்கல்லும் இருக்கிறது, அதை விட்டு விலகினால் கிரானைட் மணலும் இருக்கிறது, தாழ்வில் களிமண்ணும் இருக்கிறது. எனவே புட்டியில் மொர்கோன் என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த மொர்கோன் என்று கேட்க வேண்டும். ஃப்ளெரிக்காரர்கள் தங்கள் ஊரின் சில துண்டு நிலங்களுக்குப் பர்கண்டியில் உள்ளது போல் 'ப்ரெமியே க்ரூ' என்னும் உயர்தரத் தகுதி கேட்டு முயன்றுவருவதும் இதனால்தான்.

இப்போது கை பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஃப்ளெரியிலும் மூலென்-ஆ-வோனிலும் நிலம் உள்ள ஒரு விவசாயியின் கிடங்கில், ஒரே முறையில் செய்த இரண்டு ஒயின்களையும் சிமெண்டுத் தொட்டியிலிருந்தே எடுத்துச் சுவைக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இரண்டும் முழுக்குலை, இரண்டும் ஒரே அளவு நாட்கள், பீப்பாயை இரண்டும் பார்த்ததே இல்லை. குலைக்கொடி விவரித்த அளவுக்கு அகன்ற வேறுபாடு அங்கே இல்லை. ஆனால் வேறுபாடு இருந்தது. மூலென்-ஆ-வோன் வாயின் ஓரங்களில் இறுகியது. ஃப்ளெரி நடுவில் மலர்ந்து, முடிவில் நைசாகக் கரைந்தது. கோப்பைகளை மாற்றி வைத்து என்னைச் சோதித்தபோதும் அடையாளம் காண முடிந்தது.

என் கணிப்பு இது. நிலம் குறிப்பது ஒயினின் உடற்கட்டை, அதாவது துவர்ப்பு எங்கே பிடிக்கிறது, புளிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை. வாசனையின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது தொட்டியும் பீப்பாயும்.

சாணைக்கல் எழுதியது:

மேட்டுநிலத்தின் விளக்கம் நான் ஏற்கக்கூடிய விளக்கம். தாது பற்றிய கதைகளை விட்டு, நீர், வீரியம், பழத்தின் அளவு என்று பேசும்போது நமக்குள் கருத்து வேறுபாடு குறைந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். ஆண்டு. 2015 கடும் வெயில் ஆண்டு; அந்த ஆண்டின் மொர்கோன்களில் மதுசாரம் 14 சதவீதத்தைத் தொட்டவையும் தாண்டியவையும் உண்டு, பழம் ஜாம் போல் கனிந்திருந்தது. 2021 உறைபனியும் மழையும் நிறைந்த ஆண்டு. ஒயின்கள் மெலிந்தவை, புளிப்பு தெளிவானது. 2015இன் ஃப்ளெரியை 2021இன் மொர்கோனுக்கு அருகில் வைத்தால், பாடநூல் சொல்வதற்கு நேர்மாறாகக் கனமானது ஃப்ளெரியாக இருக்கக்கூடும். 2016லும் 2017லும் ஆலங்கட்டி மழை ஃப்ளெரியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சூறையாடியது. அந்த ஆண்டுகளில் ஒரு தயாரிப்பாளரின் ஒயினில் எந்தத் துண்டு நிலம் மிஞ்சியது என்பதே பெரிய கேள்வி. அம்மையார் ஒரே ஆண்டைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி. அவர் தயாரிப்பாளரையும் ஒன்றாக வைத்திருந்தால் நான் எதிர்ப்புத் தெரிவித்திருக்க மாட்டேன்.

புதுக்கோப்பை எழுதியது:

இந்த வட்டாரத்தைப் பற்றிப் பேசும்போது கந்தகம் சேர்க்காத ஒயின் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. அதற்கும் பொஜொலேக்கும் என்ன தொடர்பு? அப்படிப்பட்ட ஒரு மொர்கோனை அண்மையில் குடித்தேன். திறந்தவுடன் குதிரைக் கொட்டகையின் நெடி, அரை மணி நேரத்தில் அருமையான பழ வாசனை. குறையா, குணமா என்று புரியவில்லை.

குலைக்கொடி எழுதியது:

தொடர்பு மிக நெருக்கமானது. ஜூல் ஷோவே (1907–1989) என்பவர் பொஜொலேயின் வடக்கு எல்லையில் ஒயின் வணிகம் செய்தவர், வேதியியல் அறிந்தவர், மூக்கின் கூர்மைக்குப் பெயர் பெற்றவர். தோட்டத்திலிருந்து வரும் இயற்கை ஈஸ்ட்டுகளையும், முழுக்குலை நொதிப்பையும், மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறுவதையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பழம் ஆரோக்கியமாக இருந்து, கிடங்கு தூய்மையாக இருந்தால் ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடு இல்லாமலே ஒயின் செய்ய முடியும் என்று செய்து காட்டினார். ரசாயன உரமும் வாங்கிய ஈஸ்ட்டும் பெருகியிருந்த காலத்தில் மொர்கோனின் மர்செல் லாப்பியேர் அவரிடம் கற்று, 1980களில் அந்த வழிக்குத் திரும்பினார். ஜான் ஃபொயார், கீ ப்ரெத்தோன், ஜான்-போல் தேவனே ஆகிய மொர்கோன் தயாரிப்பாளர்கள் உடன் நின்றார்கள். இன்று உலகெங்கும் இயற்கை ஒயின் என்று பேசப்படுவதன் வேர்களில் ஒன்று இந்தச் சிற்றூர். நூவோவால் வட்டாரத்தின் பெயர் மங்கியிருந்த காலத்தில், பொஜொலேயைக் கவனமாகக் குடிக்க வேண்டிய ஒயினாக மறுபடி நிறுத்தியதில் இவர்களின் பங்கு பெரிது.

நீங்கள் கேட்ட நெடிக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். காற்றுப் படாமல் செய்த ஒயினில் வரும் மூடிய நெடி கோப்பையைச் சுழற்றினால் போய்விடும். நீங்கள் விவரிப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும். பிரெத்தனோமைசஸ் என்னும் ஈஸ்ட் உண்டாக்கும் கொட்டகை நெடியோ போகாது, நேரம் ஆக ஆகக் கூடும், பழத்தை விழுங்கிவிடும். முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை இயற்கை என்ற பெயரில் ஏற்றுக்கொள்ளச் சொல்வதை நான் ஒப்பவில்லை. ஷோவேயின் ஆய்வே தூய மணத்தை நாடியதுதான்.

ஆற்றங்கரை எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நண்பர்கள் சிலர் கூடி வீட்டில் இத்தகைய சுவைப்பு ஒன்றை நடத்த விரும்புகிறோம். எல்லோரும் புதியவர்கள். எந்தப் புட்டிகள், எந்த வரிசை, என்ன வெப்பநிலை, உடன் என்ன உணவு என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

சாணைக்கல் எழுதியது:

என் பரிந்துரை நான்கு புட்டிகள் மட்டும். ஆறு வேண்டாம், நான்காவதுக்குப் பிறகு புதியவர்களின் நாக்கு களைத்துவிடும், அதன்பின் துவர்ப்பைத் தவிர எதுவும் தெரியாது. நான்கும் ஒரே அறுவடை ஆண்டாக இருக்கட்டும். அவற்றில் இரண்டு ஒரே தயாரிப்பாளரின் இரண்டு க்ரூக்களாக இருக்க வேண்டும், ஃப்ளெரியும் மொர்கோனும் கிடைத்தால் நல்லது. இந்த இரட்டை உங்களுக்கு நிலத்தைக் காட்டும். மூன்றாவது, அதே மொர்கோனில் வேறொருவர் செய்தது. அது உங்களுக்குக் கையைக் காட்டும். நான்காவது மூலென்-ஆ-வோன், பீப்பாயில் முதிர்ந்தது. இப்படி அமைத்தால் நாங்கள் இங்கே விவாதித்ததை நீங்கள் உங்கள் நாக்கிலேயே தீர்த்துக்கொள்ளலாம். புட்டிகளைத் துணியால் மூடுவதை விட்டுவிடாதீர்கள். கல், படம், வரைபடம் எல்லாவற்றையும் குறிப்பு எழுதி முடித்த பிறகே காட்டுங்கள்.

மேட்டுநிலம் எழுதியது:

புட்டிகளைப் பொறுத்தவரை சாணைக்கல் ஐயாவின் பட்டியலே போதும். மீதிக் கேள்விகளுக்கு நான் சொல்கிறேன்.

வெப்பநிலைதான் முதலில். அறை வெப்பத்தில் ஊற்றினால் கமேயின் மதுசாரம் மட்டும் மூக்கில் ஏறும், பூவின் மணம் கலைந்துவிடும். 13 அல்லது 14 பாகை சரியாக இருக்கும். வெயில் காலமாக இருந்தால் குளிர்பெட்டியில் முக்கால் மணி நேரம் வைத்து எடுத்து ஊற்றுங்கள். மூலென்-ஆ-வோனுக்கு ஓரிரு பாகை கூடுதலாக இருந்தாலும் தாழ்வில்லை. அதை முன்னரே திறந்து வையுங்கள்.

கோப்பைகள் விலை உயர்ந்தவையாக இருக்க வேண்டியதில்லை. வாய் குறுகி வயிறு அகன்ற, 215 மில்லிலிட்டர் கொள்ளும் சுவைப்புக் கோப்பைக்கு 1977இல் சர்வதேசத் தரம் வகுக்கப்பட்டது. அந்த வடிவம் மலிவாகக் கிடைக்கும். ஆளுக்கு நான்கு கோப்பைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, கோப்பையை அதன்மேல் சாய்த்து நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இளம் கமேயின் ஓரத்தில் தெரியும் ஊதா நிறம் முதிர முதிரச் செங்கல் நிறத்துக்கு மாறும். ஒரு மிடறை வாயில் வைத்துச் சற்றே காற்றை உள்ளிழுத்தால் வாசனை மூக்கின் பின்புறமாக மறுபடி ஏறும். துப்ப வெட்கப்படாதீர்கள். விழுங்கிக்கொண்டே போனால் மூன்றாவது கோப்பையின் குறிப்பை நம்ப முடியாது.

சுவைத்து முடியும் வரை உப்பில்லாத ரொட்டியும் தண்ணீரும் மட்டும். பிறகு உணவு. லியோனின் பழைய உணவகங்களில், அடி தடித்த 46 சென்டிலிட்டர் புட்டியில் பொஜொலேயை ஊற்றி, உலர்ந்த பன்றி இறைச்சிச் சாசேஜோடும் ஈரல் பண்டங்களோடும் பரிமாறுவார்கள். கொழுப்பை அறுக்கும் புளிப்பு இந்த ஒயினில் இருப்பதால் அந்தச் சேர்க்கை மிக நன்றாகப் பொருந்தும். வறுத்த கோழியும் வெள்ளாட்டுப் பால் சீஸும் போதுமானவை. காரமான நம் சமையலோடு குடிக்க விரும்பினால் ஷிரூப்ள் அல்லது சாதாரண பொஜொலேயைக் குளிரச் செய்து ஊற்றுங்கள். துவர்ப்பு மிகுந்த மூலென்-ஆ-வோன் மிளகாயின் எரிச்சலைக் கூட்டிவிடும்.

நீங்கள் பிரான்சில் இருப்பவர்களானால், கடையில் வாங்குவதற்கு முன் ஒரு நாள் வந்து போகலாம். லியோனிலிருந்து மாக்கோன் போகும் வட்டார ரயில் பெல்விலிலும் ரோமனேஷ்-தோரனிலும் நிற்கும். தயாரிப்பாளர்களிடம் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு வாருங்கள். செப்டம்பர் அறுவடை வாரங்களில் யாருக்கும் பேச நேரம் இராது. குளிர்காலத்தில் கவாத்து நடக்கும் நாட்களில் வந்தால் அந்த ஆண்டின் ஒயின் தொட்டியிலேயே இருக்கும், வெவ்வேறு துண்டு நிலங்களின் சாறு இன்னும் கலக்கப்படாமல் தனித்தனியாகக் கிடைக்கும். கேட்டால் பெரும்பாலும் அவற்றை அடுத்தடுத்து எடுத்து ஊற்றித் தருவார்கள்.